எதிராளியைப் பெரிதாக்கியவர்

விழுப்புரத்து ஃப்ளெக்ஸ் கடையில், அக்கா பேரனின் காதுகுத்து பேனருக்காகக் காத்திருந்தேன். பக்கத்தில் ஒரு தொழில்முறைக் குத்துச்சண்டை வீரர். மூக்கு ஒரு பக்கமாகக் கோணியிருந்தது. கம்ப்யூட்டரில் தன் படம் வரும்போதெல்லாம் வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டார். இழுத்தால் படத்திலும் தொப்பை குறையும் என்று நினைத்தாரோ என்னவோ.

போன சண்டைக்கு அடித்த பேனரில் அவர் ஆளுயரம், எதிராளி தபால்தலை அளவு. அந்தத் தபால்தலை முதல் ரவுண்டிலேயே இவரைப் படுக்க வைத்துவிட்டது. இப்போது திண்டிவனம் கல்யாண மண்டபத்தில் வேறொருவருடன் சண்டை. அவரும் ஒல்லிதான், படத்தில் பார்த்தேன்.

“இவனை நல்லா பெருசு பண்ணுங்க. புஜத்தை ஏத்துங்க” என்றார் கடைக்காரரிடம்.

“உங்களைவிடப் பெருசா தெரியறாருங்களே” என்றேன்.

“தெரியட்டும் சார். போன வாட்டி, இந்தப் பொடியன்கிட்டயா அடி வாங்கினான்னு பேனரைக் காட்டிக்கினு ஊரே சிரிச்சுது. ஒரே பேஜாரு. இந்த வாட்டி தோத்தாலும், மலை மாதிரி ஆளுகிட்ட தோத்தான்னு பேசணும்.”

தோல்விக்கு எல்லா ஏற்பாடும் செய்துவிட்டுப் போனவர், ஜெயித்துத் தொலைத்தார்.

மறுநாள், அவர் பேனருக்கு எதிரே இருந்த டீக்கடையில் ஒருவர் சொன்னார்: “இம்மாம் பெரிய ஆளை இவரா அடிச்சாரு? காசு குடுத்து விழச் சொல்லியிருப்பாங்க.” எல்லோரும் தலையாட்டினார்கள்.

எதிராளி நிஜத்தில் ஒல்லி என்று நான் சொல்லியிருக்கலாம். சொன்னால் வெற்றியை நம்பியிருப்பார்கள். நம்பிவிட்டு, பொடியனை அடித்தவர் என்று சிரித்திருப்பார்கள். அவருக்கு எது அதிகம் வலிக்கும் என்று தெரியாமல் டீயைக் குடித்துவிட்டு எழுந்தேன்.