சாட்சி சௌந்தரத்துக்கு ஒரு கட்டுரை

சௌந்தரம் அத்தையைப் பற்றி இணையக் கலைக்களஞ்சியத்தில் நான் எழுதிய கட்டுரையின் தலையில் ஒரு சிவப்புப் பட்டை விழுந்தது. 'இவர் குறிப்பிடத்தக்கவரா என்பது ஐயம். நீக்கலாமா என்று உரையாடுங்கள்.' ஒரு வாரம் கெடு.

அத்தை எனக்கு உறவில்லை. மேல்பட்டாம்பாக்கத்தில் எங்கள் தெருக்காரர், அண்ணாகிராமத்தில் அரசு அலுவலகம் ஒன்றில் கண்காணிப்பாளர். யாரையும் கைது செய்யும் அதிகாரம் அவருக்கு இல்லை. லஞ்ச ஒழிப்புப் போலீசார் ஓர் அலுவலரைப் பிடிக்கப் போகும்போது, வேறு துறையிலிருந்து அரசு ஊழியர்கள் இருவரைச் சாட்சியாக அழைத்துப் போவார்கள். ரசாயனப் பொடி தடவிய நோட்டு கை மாறுவதைச் சாட்சி பார்க்க வேண்டும். வாங்கியவரின் விரல்களைக் கரைசலில் நனைத்ததும் அது இளஞ்சிவப்பாவதையும் பார்க்க வேண்டும். பல ஆண்டுகள் கழித்து நீதிமன்றக் கூண்டில் ஏறி அதையே சொல்ல வேண்டும். முதல் வேலையைப் பலரும் செய்துவிடுவார்கள். இரண்டாவதில் 'ஞாபகம் இல்லை' என்று நழுவிவிடுவார்கள். சாட்சி நிற்பவரும் அரசு ஊழியர், பிடிபட்டவரும் அரசு ஊழியர். அத்தை ஒரு முறையும் நழுவியதில்லை.

"கை கழுவிட்டு வாங்கப்பா, சாட்சியம்மா வராங்க" என்று டீ நேரத்தில் அவர் அலுவலகத்து ராமாமிர்தம் சார் குரல் கொடுப்பாராம். "கழுவுங்க சார், கலர் மாறுதான்னு பாப்போம்" என்பாராம் அத்தை. இதை அத்தை சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் அத்தையின் மகள் கல்யாணத்துக்கு அலுவலகத்திலிருந்து வந்தவர்கள் ஒரு ஆட்டோவில் அடங்கினார்கள்.

எங்கள் வீட்டில் முதலில் பட்டம் வாங்கியவள் நான். கல்யாணப் பத்திரிகையைத் தவிர வேறு எதிலும் எங்கள் வீட்டுப் பெயர்கள் அச்சேறியதில்லை. ஒருவரின் பெயர் நிலையாக ஓரிடத்தில் இருப்பது எனக்குப் பெரிய விஷயம். அத்தைக்காக அந்தக் கட்டுரையை விரும்பினேனா, எழுதியவள் நான் என்பதற்காக விரும்பினேனா என்று கேட்டால், இரண்டும்தான்.

கட்டுரைக்கு ஆதார மூலம் வேண்டும் என்று உரையாடல் பக்கத்தில் கலைக்களஞ்சியத்தின் தொகுப்பாளர்கள் கேட்டார்கள். கடலூர் நூலகத்தில் பழைய செய்தித்தாள்களைப் புரட்டினேன். பிடிபட்டவரின் பெயர், வயது, தந்தை பெயர், ஊர் எல்லாம் இருந்தன. அத்தை இருந்த இடத்தில் 'சாட்சிகள் முன்னிலையில்' என்ற இரண்டு சொற்கள். லஞ்சம் வாங்கியவரைப் பற்றி எழுத மூலம் இருந்தது, அதைப் பார்த்துச் சொன்னவரைப் பற்றி எழுத இல்லை. தீர்ப்பில் பெயர் இருக்கிறதே என்றேன். அது வழக்கு ஆவணம், மற்றவர்கள் அவரைப் பற்றி எழுதியது வேண்டும் என்றார்கள். நானே நேரில் அறிவேன் என்றேன். நேரில் அறிந்தது இங்கே செல்லாது என்று பதில் வந்தது.

அத்தையிடம் சொன்னபோது விழுந்து விழுந்து சிரித்தார்.

"என்னாடி ரூல்ஸு இது? கோர்ட்டுல அடுத்தவங்க சொன்னத சொன்னா, 'அத உடும்மா, நீ பாத்தியா'ன்னு கேப்பாங்க. இங்க பாத்தத சொன்னா செல்லாதா? குடு, அப்பிடி என்னாதான் எழுதியிருக்கன்னு பாக்கறேன்."

என் கைப்பேசியை வாங்கி உரக்கப் படித்தார். "'ஊழலுக்கு எதிராகப் போராடி வருபவர்.' நான் போராடினத நீ பாத்தியா?"

"அது ஒரு பேச்சுக்கு அத்த."

"பேச்சுக்கு எழுத இது என்னா பேனரா? எடுத்துடு. 'பல அதிகாரிகளைப் பிடித்தவர்.' புடிச்சது போலீசு. நான் நின்னுட்டிருந்தேன்."

அவர் படித்து முடித்தபோது கட்டுரையில் நான்கு வரிகள் மிஞ்சின.

அன்று மாலை, என்னோடு சிதம்பரத்தில் படித்த எழிலன் ஒரு வழி சொன்னான். "என் மச்சான் ஒருத்தன் நியூஸ் வெப்சைட் நடத்துறான். நீயே எழுதிக் குடு, அவன் பேருல போட்டுடறேன். அப்புறம் அதையே மூலம்னு காட்டு. யாரு கேக்கப் போறா?"

யாரும் கேட்கப் போவதில்லைதான். எழுதி வைத்தேன். அனுப்பலாமா என்று யோசித்துக்கொண்டே இருந்தேன்.

அந்த வாரமே ஒரு வழக்கில் அத்தை கடலூரில் சாட்சி சொல்ல வேண்டியிருந்தது. கூடப் போனேன். வராந்தாவில் குற்றம் சாட்டப்பட்டவரின் மனைவி அத்தையைப் பார்த்து, "நீயெல்லாம் நல்லாருப்பியா?" என்றார். அத்தை புடவைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டார்.

கூண்டில் ஏறியதும் எதிர்த்தரப்பு வக்கீல் கேட்டார். "அவர் பணம் கேட்டத நீங்க உங்க காதால கேட்டீங்களா?"

முழுவதும் கேட்டேன் என்று ஒரு சொல் சொன்னால் போதும், வழக்குக்குப் பலம். அரசு வக்கீல் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"'பணம் கொண்டாந்தியா'ன்னது காதுல விழுந்துச்சுங்க. அதுக்கப்புறம் பேசினது விழல. மேல ஃபேன் சத்தம்."

"அப்போ என்ன பேசினாங்கன்னு தெரியாது."

"மிச்சம் தெரியாதுங்க. கை நீட்டி வாங்கினத பாத்தேன்."

"போலீஸ் சொல்லிக் குடுத்தத சொல்றீங்க."

"சொல்லிக் குடுத்திருந்தா எல்லாமே காதுல விழுந்துச்சுன்னு சொல்லியிருப்பேனுங்களே."

பின்வரிசையில் யாரோ சிரித்துவிட்டார்கள். நீதிபதி நிமிர்ந்து பார்த்தார், ஆனால் அதட்டவில்லை. நான் நேராக உட்கார்ந்தேன். 'இவர் எங்கள் தெருக்காரர்' என்று பக்கத்திலிருந்த, முன்பின் தெரியாத பெண்ணிடம் சொன்னேன்.

திரும்பும் பேருந்தில் அத்தை ஜன்னலில் சாய்ந்து தூங்கினார். எழிலனுக்காக எழுதி வைத்ததை அழித்தேன். பிறகு உரையாடல் பக்கத்தைத் திறந்து எழுதினேன்: 'கட்டுரையை எழுதியவள் நான். தேடினேன். இவரைப் பற்றி வேறு யாரும் எழுதிய மூலம் எதுவும் கிடைக்கவில்லை.' என் கட்டுரைக்கு எதிராக நானே சொன்ன சாட்சி அது. மறுநாள் கட்டுரையை நீக்கிவிட்டார்கள். அவர்கள் செய்தது சரி. அவர்களுடைய விதிப்படி அத்தை குறிப்பிடத்தக்கவர் இல்லை. அந்த விதி இங்கே இல்லை என்பதால் நான் பார்த்ததை இங்கே எழுதுகிறேன்.

நீக்கியதைச் சொல்லப் போனபோது அத்தை முறுக்குத் தட்டை நீட்டினார். "நாலு வரிக்கா இவ்ளோ பஞ்சாயத்து? நீ என்னா சொன்ன?"

"மூலம் கெடைக்கலன்னு சொன்னேன்."

அத்தை என்னை ஒரு நொடி பார்த்தார். "ம். அதான் சரி" என்றார். அவர் அதிகம் பாராட்டுகிறவர் இல்லை. அந்த மூன்று சொல்லை இன்னும் வைத்திருக்கிறேன்.

அதற்குள் அவர் கைப்பேசி அடித்தது. "சரிங்க சார். வந்துடறேன் சார்" என்று வைத்தார்.

"மறுபடியும் சாட்சிக்கா? எங்க அத்த?"

"எடத்த அவுங்க ஆபீசுக்கு போனப்புறம்தான் சொல்லுவாங்க. தெரிஞ்சாலும் ஒங்கிட்ட சொல்ல மாட்டேன், நீ பாட்டுக்கு நெட்டுல போட்டுடுவ."

மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, தலைப்பால் துடைக்கத் தொடங்கினார்.