இலுப்பை மரத்தில் கட்டிய மஞ்சள் துணி

எனக்குச் சந்தேகம் அதிகம் என்று என் வீட்டுக்காரர் சொல்லிச் சிரிப்பார். சிரித்துக்கொள்ளட்டும். பாலக்கோட்டு மண்டியில் தரகர் எங்கள் தக்காளியைப் பார்க்கும்போது நான் தரகரின் கண்ணைப் பார்ப்பேன். அப்படியே பழகிவிட்டது.

எங்கள் தோட்டத்தை ஒட்டி ஊர் ஆத்தாவின் கோயில்காடு இருக்கிறது. நாலு ஏக்கர் இருக்கும். கட்டடம் எதுவும் கிடையாது. மூன்று நட்ட கல், பக்கத்தில் இரண்டு பேர் கைகோத்தாலும் அணைக்க முடியாத ஓர் இலுப்பை, சுற்றிலும் நாவலும் உசிலையும் கொடிகளும். அங்கே யாரும் கத்தி வைத்ததாகக் கேள்விப்பட்டதே இல்லை. செருப்பை எல்லையில் விட்டுத்தான் நுழைய வேண்டும். திரும்பும்போது முந்தானையை உதற வேண்டும். ஒரு சருகுகூட நம்மோடு வெளியே வரக்கூடாது. கோடையில் மற்றவர்கள் கிணறெல்லாம் தரை தட்டும்போது எங்கள் கிணற்றில் தண்ணீர் கிடப்பது அந்தக் காட்டால்தான். தண்ணீருக்காக மட்டும்தான் அதன்மேல் ஆசை என்றால் அது பொய். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து, கோபம் தலைக்கேறினால் நான் போய் உட்காருவது அந்த இலுப்பையின் அடியில்தான். எனக்குக் கோபம் வராத நாள் குறைவு.

போன பங்குனியில் ஓர் ஆள் பைக்கில் வந்து இறங்கினார். மரம் மரமாக டேப் போட்டு அளந்து நோட்டில் எழுதினார். பிறகு ஏதோ கொடியின் இலையைப் பறித்து, பழைய செய்தித்தாளுக்குள் வைத்துக்கொண்டு வெளியே வந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“என்னாங்க அளக்கறீங்க?”

“மரத்தோட சுத்தளவுங்க. வெட்டுப்படாத பழங்காடுங்களப் பத்தி எழுதறேன். உலகத்துலயே இந்த மாதிரி காடு கொஞ்சந்தாங்க மிச்சம். கடல் தாண்டி எங்கியோ இருக்குதுன்னு நெனைப்போம். உங்க தோட்டத்துப் பக்கத்துலயே இருக்குது பாருங்க.”

“அதுக்கு எலை எதுக்கு?”

“இந்தக் கொடி என்னான்னு தெரியலைங்க. கேட்டுப் பாக்கணும்.”

இனிக்க இனிக்கப் பேசுகிறவரை நான் நம்புவதில்லை. பக்கத்துத் தோட்டத்துப் புளியமரத்தையும் ஒருவர் இப்படித்தான் டேப் போட்டு அளந்தார். எட்டாம் நாள் அது லாரியில் ஏறித் தொப்பூர்க் கணவாய் இறங்கிப் போனது.

“ஆத்தா காட்டுல எவன் கை வெப்பான்? சும்மா கெட,” என்றார் வீட்டுக்காரர். அவருக்கு எல்லாரும் நல்லவர்கள்.

எங்கள் பக்கத்தில் மஞ்சள் துணி கட்டிய மரத்தை வேண்டுதல் மரம் என்பார்கள். எந்த மரவெட்டியும் அதில் கோடரி வைக்க மாட்டான். ஊரே தக்காளி பறிப்பில் இருந்த ஒரு மத்தியானம், வீட்டுக்காரரின் பழைய வேட்டியை நீளவாக்கில் பாதியாகக் கிழித்து, மஞ்சளில் முக்கி, வேப்பிலை சேர்த்து இலுப்பையைச் சுற்றிக் கட்டினேன். யாரிடமும் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை விளக்கு வைக்கப் போன பூசாரி அதைப் பார்த்துவிட்டார். யாரும் கட்டியதாகச் சொல்லாததால், ஆத்தாவே வந்து கட்டிக்கொண்டாள் என்று பேச்சாகிவிட்டது. அவள் கூரை கேட்கிறாள் என்றார்கள். கல்லின்மேல் பூ வைத்துக் குறி கேட்டார்கள். வலப்பக்கம் விழுந்தால் சம்மதம். நானும் கூட்டத்தில் நின்று, இடப்பக்கம் விழ வேண்டும் என்று வேண்டினேன். வலப்பக்கம்தான் விழுந்தது. இலுப்பையைச் சுற்றிச் சிமெண்ட் தளம், தகரக் கூரை, கார் வரும் அளவுக்குப் பாதை என்று முடிவானது.

ஒரு நாள் காலையில் எல்லையில் ஜேசிபி நின்றது. மிச்சமிருந்த பாதி வேட்டியை எடுத்துக்கொண்டு பூசாரியிடம் ஓடினேன்.

“நாந்தாங்க கட்டுனேன். அளக்க வந்த ஆளு மரத்த வெட்டிருவான்னு பயந்து கட்டுனேன். இதோ மீதி வேட்டி. கரையப் பாருங்க, ஒண்ணுதான்.”

பூசாரி அதை வாங்கி, இலுப்பையில் கட்டியிருந்த பாதியோடு சேர்த்துப் பிடித்துப் பார்த்தார். கிழிசல் பொருந்தியது. பிழைத்தோம் என்று நினைத்தேன். அவர் அந்தத் துணியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

“நீயா கட்டுனன்னு நெனைக்கறயாம்மா? ஆத்தா உன் கைய வாங்கிக் கட்டியிருக்கறா.”

கூட்டத்தின் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. “கோயிலுக்கு ஆளுங்க வந்து போனா இவுங்க தோட்டத்துக்கு எடைஞ்சலு. அதான் கதை கட்டறாங்க.”

அவர்கள் இடத்தில் நான் இருந்தாலும் அப்படித்தான் சந்தேகப்பட்டிருப்பேன்.

இலுப்பையைத் தொடவில்லை. அதன் வேரின்மேல் சிமெண்ட் போட்டார்கள். சுற்றியிருந்த நாவலும் உசிலையும் டிராக்டரில் ஏறிப் போயின. ஒரு சருகுகூட வெளியே போகக்கூடாத காடு அது. நான் வரப்பில் உட்கார்ந்து அழுதேன். வீட்டுக்காரர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அன்றைக்கு அவர் சிரிக்கவில்லை.

ஆடியில் அந்த டேப்காரர் திரும்ப வந்தார். எல்லை இருந்த இடத்தில் செருப்பைக் கழற்றினார். கையில் அதே செய்தித்தாள்.

“எலையக்கூட வெளிய கொண்டுபோவக் கூடாதுன்னு அப்புறந்தாங்க தெரிஞ்சுது. திருப்பிக் குடுத்துட்டுப் போலாம்னு வந்தேன். பறிச்ச எடத்துலயே வெக்கணும்ங்களா?”

அந்தக் கொடி இருந்த இடத்தை அவர் தேடினார். சிமெண்டின்மேல் வெயில் காய்ந்துகொண்டிருந்தது. காய்ந்த இலையைக் கையில் வைத்துக்கொண்டு என்னிடம் திரும்பினார்.

“யாருங்க இப்பிடிப் பண்ணுனது?”

“நாந்தாங்க,” என்றேன்.

அவரும் நம்பவில்லை.