நெற்றியில் சுட்ட தோசை

மேலகரத்தில் இன்று குழந்தைகளுக்குத் தடுப்பூசி முகாம்.

வீடுவீடாகப் போய்த் தாய்மார்களை அழைத்துவந்த எங்கள் தெருப் பெண்களுக்குத் துணையாக, பேச்சுலகச் சக்கரவர்த்தியாகிய நானும் எழுந்தருளினேன்.

"ஊசி போட்டா காய்ச்சல் வருமா அண்ணாச்சி?" கைக்குழந்தையோடு வந்த செல்வி கேட்டாள்.

"வருமாவா? பிள்ளை நெத்தியில தோசையே சுடலாம்!"

எல்லாரும் சிரித்தார்கள். செல்வி மட்டும் விடுவிடுவென்று வீடு திரும்பிவிட்டாள்.

பின்னாலேயே ஓடினேன். "வெளையாட்டுக்குச் சொன்னேன் தாயி, ஒண்ணும் ஆகாது."

"அது பொய்னா, இது மட்டும் நெசமா?" கதவைச் சாத்தினாள்.

குற்றால அருவி மொத்தமும் தலையில் விழுந்ததுபோல் நின்றேன்.

பக்கத்து வீட்டு மாரி வந்து, "எம்பிள்ளைக்கும் ஊசி போட்டு ஒரு நாள் காய்ச்சல் அடிச்சுது செல்வி, மருந்து குடுத்தேன், சரியாயிட்டு" என்றாள். கதவு திறந்தது. ஊசியும் போட்டாயிற்று.

குழந்தை எப்படி இருக்கிறதென்று யாராவது பார்த்துச் சொல்லுங்கள். எனக்கு அந்த வாசலில் நிற்க முகமில்லை.