பங்காளியின் ஆறாவது பங்கு

பார்வையற்றோர் நூலகத்தின் மாடி அறையில் பதினொரு வருடமாக ஒரே நாற்காலியைத் தேய்த்துக்கொண்டிருக்கும் அவனைப் பங்காளி என்றுதான் எல்லோரும் கூப்பிட்டார்கள். சொத்துத் தகராறு எதுவும் இல்லை. அச்சுப் புத்தகத்தை ஸ்கேன் செய்து, எழுத்தாக மாற்றி, பிழை திருத்தி, பிரெய்ல் புள்ளிகளாக்கிக் கீழே அச்சு எந்திரத்துக்கு அனுப்புவது அவன் வேலை. அதற்கு அவன் பயன்படுத்திய மென்பொருள்கள் எல்லாமே திறமூல வகை. யாரும் காசில்லாமல் எடுத்துக்கொள்ளலாம், உள்ளே திறந்து பார்க்கலாம், திருத்தலாம். ஓசியில் சாப்பிட்டால் செரிக்காது என்பது அவன் கட்சி. மாதத்தின் முதல் சனிக்கிழமை சம்பளத்தில் ஒரு தொகையை ஒதுக்கி, அவற்றை எழுதியவர்களுக்குப் பங்கு போட்டு அனுப்புவான். பெயர் அப்படி வந்தது.

பங்கு போடுவதற்கு ஒரு முறை வைத்திருந்தான். எந்த மென்பொருளின் விண்டோ எத்தனை நிமிடம் திரையில் முன்னால் நின்றது என்று குறித்துக்கொள்ளும் சின்னக் கருவி ஒன்று அவன் கணினியில் ஓடிக்கொண்டிருந்தது. நிமிடம் எப்படியோ பணமும் அப்படி. பிழை திருத்தும் மென்பொருளுக்குப் பெரும்பங்கு, ஸ்கேன் செய்வதற்கு அடுத்தது என்று மொத்தம் ஐந்து. ஒரு மாதம் கால் முறிந்து வீட்டில் கிடந்தபோது, நிமிடமே இல்லாமல் எப்படிப் பிரிப்பது என்று இரண்டு நாள் தவித்தான். பாகப்பிரிவினைப் பத்திரம் எழுதுகிறவர்கூட இவ்வளவு யோசிக்க மாட்டார் என்றார் அச்சு எந்திரம் ஓட்டுகிறவர்.

அவனுடைய அக்காவுக்கும் அங்கேதான் வேலை. பிறவியிலேயே பார்வை இல்லாதவள். எந்திரத்திலிருந்து வரும் பக்கங்களை விரலால் படித்துப் பிழை சொல்வாள். தம்பி என்ற சலுகை கிடையாது.

அந்த வருடம் எட்டாம் வகுப்புக் கணக்குப் புத்தகம் வந்தது. பள்ளி திறக்க எட்டு வாரம். நாற்பத்து மூன்று பிள்ளைகள் அதற்குக் காத்திருந்தார்கள். மூன்றாம் பாடத்தில் அக்காவின் விரல் நின்றது. பிரெய்லில் சில எழுத்துகளுக்கும் எண்களுக்கும் ஒரே புள்ளிகள்தான். எண் எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்பதைத் தனிக் குறிகள்தான் சொல்லும். பின்னத்துக்குப் பிறகு அந்த முடிவுக்குறி விழவில்லை. அதனால் அடுத்து வந்த எழுத்தும் எண்ணாகிக் கணக்கே வேறாகிவிட்டது. புத்தகத்தில் ஆயிரத்துக்கும் மேல் பின்னங்கள். கையால் திருத்தினால் பள்ளி திறந்து, முதல் பரீட்சையும் முடிந்திருக்கும்.

பங்காளி குற்றவாளியைத் தேடினான். ஐந்தில் எதுவும் இல்லை. பிழை திருத்தும் மென்பொருள் உள்ளுக்குள் கூப்பிடும் ஆறாவது ஒன்று இருந்தது. எழுத்தைப் புள்ளியாக்குவது அதுதான். அரை விநாடியில் முடித்துவிட்டுப் போய்விடும். அதற்கு விண்டோவே கிடையாது. பங்கு போடத் தொடங்கிய இந்த ஐந்து வருடத்தில் அவன் அதற்கு ஒரு காசு அனுப்பியதில்லை.

பிழையைச் சொல்ல அதன் இணையப் பக்கத்துக்குப் போனான். மேலேயே ஓர் அறிவிப்பு இருந்தது. நான்கு வருடமாகத் தனியாளாக இதைப் பார்த்துக்கொள்கிறேன், போன வருடம் பணம் தந்தவர்கள் இரண்டு பேர், வேறு வேலைக்குப் போகிறேன், இனிப் பிழை சொன்னால் பதில் எதிர்பார்க்க வேண்டாம்.

கீழே இறங்கி வந்து அக்காவிடம் சொன்னான். அவள் கையிலிருந்த பக்கத்தை வைக்கவில்லை.

"பந்தியில உக்காந்தவங்களுக்கெல்லாம் பார்த்துப் பார்த்துப் பரிமாறினே. அடுப்படியில நின்னவரை மறந்துட்டே."

இனிமேல் மொத்தத்தையும் அவருக்கே அனுப்பிவிடுகிறேன் என்றான்.

"அப்போ மத்த அஞ்சு பேரும் அடுத்த வருஷம் இதே மாதிரி எழுதி ஒட்டுவாங்க. உன் மொத்தப் பணமும் அவருக்கு யானைப் பசிக்குச் சோளப்பொரிடா."

"பின்ன எப்படிக்கா பிரிக்கிறது?"

"எது நின்னா எத்தனை நாளைக்கு என் விரலுக்கு வேலை இல்லாம போகும்? அதைக் கணக்குப் பண்ணு."

அந்தச் சனிக்கிழமை நிமிடம் எண்ணும் கருவியை நிறுத்தினான். ஒவ்வொன்றுக்கும் எதிரே நாள் எழுதினான். ஸ்கேன் நின்றால் இரண்டு நாள், வேறொன்று கிடைத்துவிடும். பிழை திருத்துவது நின்றால் ஆறு. ஆறாவதுக்கு எதிரே எழுத எண் கிடைக்கவில்லை. பாதித் தொகையை அதற்கு வைத்தான், மீதியை நாள் கணக்கில் மற்ற ஐந்துக்கும் பிரித்தான். கூடவே ஒரு கடிதம். மன்னிப்பு எதுவும் கேட்கவில்லை. எந்தப் பக்கத்தில், எந்தப் பின்னத்துக்கு அடுத்து, விரல் என்ன படித்தது என்று அக்கா சொல்லச் சொல்ல எழுதினான்.

ஒன்பது நாள் கழித்துப் பதில் வந்தது. பணம் கிடைத்தது, வேலைக்குப் போவதில் மாற்றமில்லை, விரலால் படித்து யாரும் இதுவரை பிழை சொன்னதில்லை, ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் உட்காருகிறேன், முதலில் பின்னம்.

இரண்டு ஞாயிறு சும்மா போனது. பங்காளி கையால் திருத்தி ஐந்தாம் பாடத்தில் இருந்தான். மூன்றாவது திங்கட்கிழமை காலை அந்த மென்பொருளின் புதிய பதிப்பு வந்திருந்தது. திருத்தாத பழைய மூன்றாம் பாடத்தையும் இன்னும் தொடாத ஒன்பதாம் பாடத்தையும் அதில் புள்ளியாக்கி அச்சுக்கு அனுப்பிவிட்டு இறங்கி வந்தான். அக்கா நின்றபடியே படித்தாள். அவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை, விரலைப் பார்த்துக்கொண்டிருந்தான். அது எங்கும் நிற்காமல் மூன்றாம் பாடத்தை முடித்து ஒன்பதுக்குப் போனது. நான்காவது பக்கத்தில் நின்றது.

"பின்னம் சரியா இருக்கு. வர்க்கமூலம் கோணலா வருது."

எந்த வரி என்று கேட்டுக் குறித்துக்கொண்டு மாடியேறினான். அடுத்த ஞாயிறுக்கு ஆறு நாள் இருந்தது. பள்ளி திறக்க மூன்று வாரம்.