நான்கு ஓம் வர வேண்டும்

அந்த டிசம்பரில் எங்கள் வாசலில் கட்டியிருந்த கிறிஸ்துமஸ் நட்சத்திரம் பாதி எரிந்தது, பாதி எரியவில்லை. உள்ளே என் மகள் பத்தாம் வகுப்பு அறிவியல் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். வீட்டு மின்சாதனங்களை ஏன் தொடர் இணைப்பில் இணைப்பதில்லை என்பது கேள்வி. அவள் கைடைப் பார்த்து நான்கு வரி எழுதி முடித்திருந்தாள்.

நான் பிளக்கைப் பிடுங்கி, நட்சத்திரத்தை இறக்கி வைத்து, அதன் சீரியல் விளக்கை ஒவ்வொரு பல்பாக அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இங்க வா. இதப் பாத்துட்டு எழுது" என்று அவளைக் கூப்பிட்டேன். "இந்த வரிசையில ஒண்ணு போயிட்சி. அதனால இந்த வரிசையே அவுட்டு. அந்த வரிசைக்குத் தனி வழி, அதான் எரிஞ்சுது. ஃபேன் நின்னா டிவியும் நிக்கணுமா இன்னா?"

அவள் விளக்கைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள்.

"உனக்கு எப்பிடிம்மா தெரியும்? நீ சயின்ஸ்ல ஃபெயிலுதானே?"

"ஃபெயிலுதான். முப்பத்தொண்ணு."

முப்பத்தைந்து எடுத்திருந்தால் பாஸ். நான் பத்தாவது எழுதியது எங்கள் ஊர்த் தங்கச் சுரங்கத்தை மூடிய வருஷம். அப்பா வேலையில்லாமல் வீட்டில் உட்கார்ந்திருந்தார். நான்கு மார்க் குறைந்ததை யாரும் ஒரு விஷயமாக நினைக்கவில்லை, நான் உட்பட. மற்ற பாடங்களில் தேறிவிட்டேன், அறிவியல் மட்டும் அப்படியே நின்றுபோனது. பதினெட்டு வயதில் பெங்களூருக்கு ரயிலேறினேன். அன்றிலிருந்து தினமும் ரயிலில் போய்வந்து தையல் கம்பெனி வேலைதான்.

"அப்ப எழுதேன்" என்றாள் மகள். "என்கூடவே எழுது."

நான் சிரித்துவிட்டு நட்சத்திரத்தை மாட்டினேன். மறுநாள் அவள் பள்ளியில் விசாரித்து, பள்ளிக்குப் போகாமல் பிரைவேட்டாக எழுத விண்ணப்பப் படிவத்தோடு வந்து நின்றாள். கடைசித் தேதிக்கு ஆறு நாள் இருந்தது. என் வீட்டுக்காரர் படிவத்தை இரண்டு முறை புரட்டிப் பார்த்தார். "இன்னாத்துக்கு இதெல்லாம்?" என்று கேட்பார் என்று நினைத்தேன். அவரோ, "போட்டோ பழசு ஒட்டலாமா, புதுசா எடுக்கணுமா?" என்று கேட்டார்.

அப்படி ஆரம்பித்தது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்ததும் நானும் மகளும் சமையலறைத் தரையில் புத்தகத்தைப் பரப்புவோம். நான் தமிழில் படித்தவள், அவள் இங்கிலீஷ் மீடியம். அதனால் முதல் இரண்டு வாரம் எங்களுக்குள் பெரும் குழப்பம். நான் "மின்தடை" என்றேன். அவள் கரண்ட் கட் என்று நினைத்துக்கொண்டு, "அதுக்கு எதுக்கும்மா ஃபார்முலா?" என்று கேட்டாள். ரெசிஸ்டன்ஸைத்தான் சொல்கிறேன் என்று புரிந்ததும் இரண்டு பேரும் அடக்க முடியாமல் சிரித்தோம். பாடத்திட்டம் மொத்தமும் மாறியிருந்தது. ஆனாலும் சில வார்த்தைகள் எனக்குள் அப்படியே கிடந்தன. அவள் கேட்டலிஸ்ட் என்று வாசிக்க, வினைவேக மாற்றி என்று ஒரு நாள் என் வாயிலிருந்து தானாக வந்தபோது எனக்கே புல்லரித்தது.

வாரநாட்களில் ரயில்தான் என் வகுப்பறை. எங்கள் ஊர் சாம்பியன் ரீப்ஸ் ஸ்டேஷனில் ஏறினால், பெங்களூர் போய்ச் சேர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். எங்கள் பெட்டியில் பாதிப் பேர் தூங்குவார்கள், பாதிப் பேர் பூ கட்டுவார்கள். நான் சமன்பாடுகளைச் சமன் செய்வேன். எதிரில் உட்காரும் ஒரு அக்கா, ஆஸ்பத்திரியில் ஆயா வேலை பார்ப்பவர், ஒரு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"இன்னாம்மா, தெனம் ஒரே கணக்கப் போட்டுக்கினு கீற? தீர மாட்டேங்குதா?"

இரும்பும் நீராவியும் சேரும் சமன்பாடு அது. ஒரு பக்கம் சரி செய்தால் இன்னொரு பக்கம் கெட்டுப்போகும். அக்கா தன் பையிலிருந்து மிக்சர் பொட்டலத்தை எடுத்து என் புத்தகத்தின் மேல் கொட்டினார். "எதுக்கு எதுன்னு சொல்லு, வெச்சிப் பாத்துடலாம்" என்றார். வேர்க்கடலை இரும்பு, பட்டாணி ஆக்சிஜன், பொட்டுக்கடலை ஹைட்ரஜன் என்று வைத்தோம். வலது பக்கம் மூன்று இரும்புக்கு நான்கு ஆக்சிஜன் வேண்டும். அப்படியானால் இடது பக்கம் தண்ணீர் நான்கு. தண்ணீர் நான்கென்றால் ஹைட்ரஜன் எட்டு. எண்ணினால் ஏழுதான் இருந்தது. மறுபடி எண்ணினேன். ஏழு.

"ஒண்ண நான் தின்னுட்டேன்" என்றார் அக்கா.

பெட்டியே சிரித்தது. பங்காருப்பேட்டை தாண்டுவதற்குள் சமன்பாடு சரியாகிவிட்டது. அதற்குப் பிறகு அக்கா என்னைப் பார்த்ததும் காலை வணக்கத்துக்குப் பதிலாக, "இன்னிக்கு இன்னா சாப்டர்?" என்றுதான் கேட்பார்.

ஒரு கணக்கு மட்டும் என்னை ஆட்டிவைத்தது. மூன்று மின்தடைகள், ஒவ்வொன்றும் ஆறு ஓம். அவற்றை இணைத்து முதலில் ஒன்பது ஓம் வரவழைக்க வேண்டும், பிறகு நான்கு ஓம். ஒன்பது சீக்கிரம் வந்துவிட்டது. இரண்டைப் பக்க இணைப்பில் வைத்தால் மூன்று, அதோடு ஒரு ஆறைத் தொடரில் சேர்த்தால் ஒன்பது. நான்குதான் வரவில்லை. எப்படி வைத்தாலும் இரண்டு அல்லது ஒன்பது என்றே வந்தது. மகளைக் கெஞ்சினேன்.

"சொல்ல மாட்டேன். நீயே கண்டுபுடி" என்றாள். "சொல்ட்டா உனக்கு ஜாலியே இருக்காது."

கோபமாக வந்தது. பத்து நாள் அந்தக் கணக்கு என்னோடு கம்பெனிக்கு வந்தது, காலர் தைத்தது, சாப்பிட்டது, திரும்பி வந்தது. ஒரு சாயங்காலம் மாலூர் அருகே ரயில் நின்றுவிட்டது. உட்கார இடமில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடி யோசித்தேன். நான் எப்போதுமே முதலில் இரண்டைப் பக்க இணைப்பில் வைத்துத்தான் தொடங்குகிறேன். முதலில் இரண்டை வரிசையாக, தொடரில் வைத்தால்? பன்னிரண்டு. அந்தப் பன்னிரண்டுக்குப் பக்க இணைப்பில் மிச்சமுள்ள ஆறு. பன்னிரண்டில் ஒன்று, ஆறில் ஒன்று, கூட்டினால் பன்னிரண்டில் மூன்று, அதாவது நான்கில் ஒன்று. அதைத் தலைகீழாக்கினால்...

"நாலு!" என்று கத்திவிட்டேன்.

பக்கத்தில் நின்ற பெண் பயந்துபோய்த் தன் பையை இறுக்கிக்கொண்டாள். உடனே மகளுக்குப் போன் போட்டேன். "வந்துட்சி! நாலு வந்துட்சி!" என்றேன். அந்தப் பக்கம் அவள் குதிக்கும் சத்தம் கேட்டது. சும்மா சொல்லவில்லை, நிஜமாகவே கேட்டது. அவ்வளவு வருஷத்தில் எத்தனையோ சட்டை தைத்திருக்கிறேன், நல்ல பேர் வாங்கியிருக்கிறேன். அந்தச் சந்தோஷம் வேறு, இது வேறு. யாரும் சொல்லித்தராமல் என் தலைக்குள்ளேயே ஒன்று திறந்துகொண்டது.

பரீட்சை அன்று எங்களுக்கு வேறு வேறு மையம். மகளை அவள் அப்பா கூட்டிப்போனார், நான் தனியாகப் போனேன். நான் ஹாலுக்குள் நுழைந்ததும் பிள்ளைகள் எல்லாரும் எழுந்து நின்று, "குட் மார்னிங், மிஸ்!" என்றார்கள். நான் என் நம்பரைத் தேடி மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்ததும் அவர்களும் சிரித்துக்கொண்டே உட்கார்ந்தார்கள். பிறகு முன்னால் இருந்த பெண் திரும்பி, "ஆன்ட்டி, லென்ஸ் டயகிராம் வருமா?" என்று கேட்டாள். "வரும், நல்லாப் பாத்துக்கோ" என்றேன். வந்தது. நான்கு ஓம் கணக்கு வரவில்லை. எனக்கு ஏமாற்றமாகக்கூட இருந்தது. கடைசி மணி அடிக்கும்வரை எழுதினேன். விரல் வலித்தது, நிறுத்த மனமில்லை.

ரிசல்ட் வந்த அன்று மதியச் சாப்பாட்டு நேரத்தில்தான் போனைக் கையில் எடுக்க முடிந்தது. மகளிடமிருந்து பதினோரு அழைப்பு.

"அம்மா, ரெண்டு பேரும் பாஸ்!" என்றாள். அறிவியலில் அவளுக்கு எண்பத்தொன்பது, எனக்கு ஐம்பத்தெட்டு. அடுத்த மூச்சிலேயே, "காப்பரை அமிலத்துல போட்டா ஹைட்ரஜன் வரும்னா எழுதின?" என்று அதட்டினாள். பரீட்சையில் அப்படி எழுதியதை ஒரு வாரம் முன்பு நான் அவளிடம் வாய் தவறி உளறியிருந்தேன். கேன்டீனில் எல்லாரும் பார்க்க நின்றுகொண்டு நான் அழுதேன், அவள் போனில் செம்பு ஏன் வினைபுரியாது என்று விளக்கிக்கொண்டிருந்தாள். சாயங்கால ரயிலில் அக்கா பெட்டி முழுக்க ஜிலேபி கொடுத்தார்.

மார்க் கார்டு வாங்கப் போனபோது அலுவலகத்தில் கேட்டேன், அடுத்த இரண்டு வருஷப் படிப்பான பி.யூ.சி.யையும் பிரைவேட்டாக எழுதலாமா என்று. எழுதலாம், ஆனால் ஆர்ட்ஸோ காமர்ஸோதான், லேப் இருப்பதால் சயின்ஸ் முடியாது என்றார்கள். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் மனசு கேட்கவில்லை.

ஜூனில் மகள் சயின்ஸ் பிரிவில் சேர்ந்தாள். அவளுடைய பிசிக்ஸ் புத்தகம் ஒரு சனிக்கிழமை வந்தது. திங்கட்கிழமை காலை, அவள் அட்டை போட எடுத்து வைத்திருந்த பிரவுன் பேப்பரை மேஜையிலேயே விட்டுவிட்டு, புத்தகத்தை மட்டும் என் பையில் போட்டுக்கொண்டு ரயிலுக்கு ஓடினேன்.