மூன்றாவது கக்கூஸில் குடியிருந்தவர்

வெள்ளையண்ணன் குடியிருந்தது கக்கூஸில். கேலிக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே கக்கூஸ்தான்.

அந்த விடுதியில் அவரையும் சேர்த்து இருபத்துநான்கு ஆண்கள். எட்டுப் பேருக்கு ஒரு கழிப்பறை இருந்தால்தான் லைசென்ஸ் என்பது நகராட்சி விதி. அதனால் பின்பக்கம் வரிசையாக மூன்று கதவுகள். மூன்றாவது கதவைப் பார்க்கும்போதெல்லாம் விடுதிக்கார அக்காவுக்கு வயிறு எரிந்தது. ஐந்து நிமிஷம் குந்திவிட்டு எழுந்து போக, ஒரு முழு அறையா? பீங்கான்மேல் பலகை போட்டாள், பலகைமேல் பாய் விரித்தாள், கதவில் ‘தனியறை’ என்று சீட்டு ஒட்டினாள். வாடகை குறைவு என்றதும் வெள்ளையண்ணன் வந்து மாட்டினார். மிச்சம் பிடித்தது எல்லாம் வெளியூரில் படிக்கும் மகளுக்கு.

அவருக்கு வேலை ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில். சீழும் வாந்தியுமாக வருகிற விரிப்புகளை வேகவைத்து, தேய்த்து, மூலைக்கு மூலை பிசகாமல் மடிப்பார். பொட்டளவு கறை தெரிந்தாலும் திரும்பக் கொப்பரைக்குள் எறிவார். பெயர் வந்தது அப்படித்தான். அந்த மனுஷன் சாயங்காலம் வந்து, பலகை இடுக்கில் ஏறும் நாற்றத்துக்குப் பயந்து மூக்கடியில் சோப்புக்கட்டியை வைத்துக்கொண்டு, காலை மடக்கிப் படுப்பார். நீட்டினால் கதவு திறந்துகொள்ளும். விடுதியில் யாருக்கு எப்போது வயிறு சரியில்லை என்பது டாக்டரைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். இடையில் ஒரு சுவர்தானே.

மகள் போனில் கேட்டால், “தனி ரூம்மா. பாத்ரூம் உள்ளயே இருக்கு” என்பார். எந்தக் கோர்ட்டிலும் அதைப் பொய் என்று நிரூபிக்க முடியாது.

வருஷத்துக்கு ஒரு நாள் லைசென்ஸ் ஆபீசர் வருவார். அன்று காலை பலகை சுவரில் சாயும், பாயும் பெட்டியும் மாடிக்கு ஏறும், ஒரு வாளியும் கப்பும் உள்ளே வரும். அரை மணியில் அறை மறுபடி கக்கூஸாகிவிடும். இந்த வருஷம் பார்த்து, அதே நாளில் மகளும் வருகிறேன் என்றாள்.

“அக்கா, எம்பொண்ணு கண்ணுல இது படக்கூடாது. வேற நாள் மாத்த முடியாதா?”

“ஆபீசர் என்ன உங்க மச்சானா, மாத்திக் கேக்க? வாசல்லயே பாத்துப் பேசி அனுப்பிடுங்க. இது வெளிய தெரிஞ்சா இருபத்துநாலு பேரும் தெருவுலதான்.”

ஆபீசர் எங்கேயோ ஓசியில் மூக்குமுட்டத் தின்றுவிட்டு வந்திருந்தார். பதிவேட்டைத் திறந்தவுடனே முகம் கோணியது. பின்பக்கம் ஓடினார். முதல் இரண்டு கதவும் உள்ளே தாழ்ப்பாள். மூன்றாவதில் புகுந்தார். பின்னாலேயே ஓடிவந்த அக்காவும் வெள்ளையண்ணனும் வெளியே நின்றார்கள்.

அந்த நேரம் பார்த்துப் பின்வாசல் வழியாக மகள் வந்து நின்றாள். “அப்பா! உங்க ரூம் எது?”

வெள்ளையண்ணன் மாடிப் பக்கம் அரைகுறையாகக் கையைத் தூக்கினார். கதவுக்குள்ளிருந்து வந்த சத்தத்தை எழுதாமல் விடுவதே மரியாதை. அக்கா அவரைக் கண்ணாலேயே குத்தினாள்.

ஆபீசர் வயிற்றைத் தடவியபடி வெளியே வந்தார். “ஏம்மா, கக்கூஸ்ல எதுக்கு ஒரு பொண்ணு போட்டோ?”

எல்லோரும் உள்ளே பார்த்தார்கள். பள்ளிச் சீருடையில், பரிசுக் கோப்பையோடு மகள் சுவரில் சிரித்துக்கொண்டிருந்தாள். வருஷா வருஷம் வெள்ளையண்ணன் அதைத்தான் முதலில் கழற்றுவார். இன்றைக்கு மகள் வருகிறாளே என்று சவரம் செய்து, சட்டையைத் தேய்த்த அவசரத்தில் மகளை மறந்துவிட்டார்.

ஆபீசர் படத்தைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். சுவரில் சாய்ந்த பலகையில் தலை வைத்து வைத்துப் படிந்திருந்த எண்ணெய்க் கறையையும் பார்த்தார்.

“அழகுக்கு மாட்டினது சார்” என்றாள் அக்கா.

“அழகாத்தான் இருக்கு” என்றபடி பதிவேட்டில் எழுதினார்: கழிப்பறை மூன்று, திருப்தி. “நானே உக்காந்து பாத்துட்டேனே!” என்று சிரித்தபடி முத்திரை குத்தினார்.

மகள் உள்ளே போனாள். ஆபீசர் தண்ணீர்கூட ஊற்றவில்லை. பீங்கானில் அவர் விட்டுப்போனது அப்படியே கிடந்தது. அவள் மூக்கைப் பொத்தாமல் எட்டிப் படத்தைக் கழற்றினாள்.

“காலை நீட்டிப் படுக்க முடியுதாப்பா?”

“மடக்கிக்கிட்டா... பழகிடும்மா.”

அவள் அக்காவிடம் கேட்டு மாடிக்குப் போய் அவருடைய பெட்டியைத் தூக்கி வந்தாள். “கிளம்புங்க.”

“எங்கம்மா?”

“தெரியாது. நீட்டிப் படுக்கிற மாதிரி எங்கயாச்சும்.”

பெட்டியை வாங்கிக்கொண்டு பின்வாசல்வரை போனவர், அதை அவளிடம் கொடுத்துவிட்டுத் திரும்பி நடந்தார். வாளியை நிரப்பி ஊற்றினார். போதவில்லை. இன்னொரு வாளி ஊற்றித் துடைப்பத்தால் தேய்த்தார்.

“அந்தாளு பண்ணிட்டுப் போனதுக்கு நீங்க எதுக்குப்பா?” என்றாள் மகள்.

“இப்படியே விட்டுட்டுப் போனா, அடுத்து வர்றவன் இதுமேலதானேம்மா படுப்பான்.”