ஆர்ன்ஃபின்னின் மெல்லிய குரல்

பெர்கன் துறைமுகத்தில் பெரிய கப்பல் வந்து நின்றாலே ஆர்ன்ஃபின்னுக்கு வயிறு எரியும். இறங்குகிற கூட்டம் மீன் சந்தையைச் சுற்றிவிட்டு நேரே அவருடைய மேட்டுச் சந்துக்குத்தான் ஏறி வரும். நாலு வெள்ளைப் பலகை வீடு, மழையில் வழுக்குகிற கல்பாதை. இதைப் பார்க்கக் கடல் தாண்டி வர வேண்டுமா? சன்னல் கண்ணாடியில் மூக்கை ஒட்டவைத்து, அவர் உருளைக்கிழங்கு உரிப்பதைக்கூடப் படம் எடுப்பார்கள். திரை போட்டால் தோற்றதாகிவிடும் என்று அவர் போடவும் மாட்டார்.

ஊரைச் சுற்றிக் காட்டக் கூட்டத்தைக் கூட்டி வருகிறவள் ஓஸ்லௌக். சந்தின் கீழ்முனையில் குடியிருப்பவள், அவரோடு பள்ளியில் படித்தவள். மஞ்சள் குடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவர் வாசலில் நின்றுதான் பழைய தீ விபத்துக் கதையை ஆரம்பிப்பாள்.

"வேற வீடே கெடைக்கலையா உனக்கு?" என்று ஒருமுறை கேட்டார்.

"தீயில தப்பிச்ச வீடு இதுதானே. வீடு அன்னிக்கு எரியல, நீதான் தினமும் எரியுற."

ஆயுளில் பெரும்பகுதியைப் படகுகளின் இயந்திர அறையில் கழித்தவர் ஆர்ன்ஃபின். அந்த இரைச்சல் காதில் பாதியைத் தின்றுவிட்டது. மகள் இங்வில் வாங்கிக் கொடுத்த காதுக் கருவி இழுப்பறையில் கிடந்தது. அது கிழவர்களுக்கானதாம்!

பேத்தி ஈரினை இங்வில் அவரிடம் தனியாக விட்டதே இல்லை. அன்று குழந்தையைப் பார்த்துக்கொள்கிற பெண்ணுக்குக் காய்ச்சல், இவளோ வேலைக்குப் போயே ஆக வேண்டும். வேறு வழியில்லாமல் தள்ளுவண்டியோடு வந்தாள்.

"நீங்க பேசினாலே அவளுக்குத் தூக்கிவாரிப் போடுதுப்பா. இன்னிக்கு நல்லபடியா தூங்கிட்டான்னா வாரா வாரம் கொண்டு வந்து விடறேன். காது மெஷினை மட்டும் மாட்டிக்கங்க."

"என் காதுக்கு என்ன கேடு?" என்றார் அவர். மனதுக்குள் மட்டும் வாரா வாரம், வாரா வாரம் என்று சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

இங்கே குழந்தைகள் பகலில் வெளிக்காற்றில்தான் தூங்கும். இந்த ஊர்க்காரர்கள் நாங்கள் எல்லோரும் அப்படி வளர்ந்தவர்கள்தான். கம்பளியைப் போர்த்தி வண்டியை வாசலோரம் நிறுத்திவிட்டு, ஆர்ன்ஃபின் காப்பியோடு சன்னலருகே உட்கார்ந்தார். குழந்தையின் முகத்தைவிட்டு அவர் கண் நகரவில்லை.

மஞ்சள் குடை வந்தது. பின்னாலேயே பிளாஸ்டிக் மழைக்கோட்டுகள். அதில் ஒருத்தி வண்டிக்குள் எட்டிப் பார்த்துப் பதறிப்போனாள். யாரோ பிள்ளையைத் தெருவில் போட்டுவிட்டுப் போய்விட்டதாக நினைத்தாள் போலிருக்கிறது. குனிந்து போர்வையைத் தொட்டாள். இன்னொருவன் படம் எடுத்தான்.

ஆர்ன்ஃபின் வெறும் காலுறையோடு வெளியே பாய்ந்தார். ஆனால் கத்தக்கூடாது, வாரா வாரம். பல்லைக் கடித்துக்கொண்டு, தன் காதுக்குக் கிசுகிசுப்பாகத் தோன்றிய குரலில் சொன்னார்: "கையை எடு! எல்லாரும் கீழ எறங்குங்க!"

சந்து அதிர்ந்தது. மழைக்கோட்டுக்காரி பின்வாங்கினாள். ஓஸ்லௌக் உதட்டில் விரலை வைத்தாள். அவளைப் பார்த்து மற்றவர்களும் வைத்தார்கள்.

"என் வாசல்ல வந்து நின்னுக்கிட்டு என்னையா வாயை மூடச் சொல்ற?"

"தெரு ஒண்ணும் உங்கப்பன் வீட்டுச் சொத்து இல்ல. மெதுவா பேசு, பிள்ளை..."

"மெதுவாத்தான் பேசறேன்!"

ஈரின் வீறிட்டாள். முகம் சிவந்து, மூச்சே நின்றுவிடும்போல் அழுதாள். அவர் வண்டியை ஆட்டிக்கொண்டே அவளைக் கொஞ்சக் கொஞ்ச, அழுகை இன்னும் ஏறியது.

வேலையைச் சீக்கிரம் முடித்துக்கொண்டு இங்வில் மூச்சுவாங்க மேடேறி வந்தாள்.

"இதுங்கதான் எழுப்பிடுச்சுங்க! பாரு, இந்தக் கும்பல்தான்!" கூட்டத்தை நோக்கிக் கையை நீட்டினார்.

இங்வில் குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டினாள். "முனையில திரும்பறப்பவே கேட்டுச்சுப்பா. உங்க குரல் மட்டுந்தான் கேட்டுச்சு."

அவர் ஓஸ்லௌக்கைப் பார்த்தார். எதற்கும் பதில் வைத்திருப்பவள், இப்போது குடையை மடக்குவதில் மும்முரமாக இருந்தாள். அதுதான் அவருக்குத் தாங்கவில்லை.

அழுகை அடங்கிய குழந்தையை வண்டியில் படுக்கவைத்து மகள் கிளம்பினாள். அடுத்த வாரம் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கூட்டம் ஒதுங்கி வழிவிட்டது.

"பார்த்துப் போம்மா" என்றார் ஆர்ன்ஃபின், தன்னால் முடிந்தமட்டும் மெதுவாக.

சந்தே திரும்பிப் பார்த்தது. வண்டிக்குள் குழந்தை மறுபடி அழத் தொடங்கியது.